ஏழாம் அதிகாரத்தில் மடித்த திருநீறு

ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாலாம் மாடியில் இருந்த நீக்கிலாசரை டொக்டர் என்று கூப்பிட்டவர்கள் அவருடைய பழைய நோயாளிகள் மட்டுமே. கனடாவைப் பொறுத்தவரை அவர் ஓர் ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பு மடிப்பவர்.

வன்னியில் அவர் அப்போதிக்கரி, அதாவது நோய் பார்த்து மருந்து கலந்து கொடுப்பவர். பத்து ஊருக்கும் அவருடைய டிஸ்பென்சரிதான். அதோடு முழுக்குச் சபைக்காரர். குழந்தையின் தலையில் தண்ணீர் தெளிப்பது செல்லாது, விவரம் தெரிந்த பிறகு தானாக வந்து முழுகவேண்டும் என்பது அவர்கள் கட்சி. இதையெல்லாம் விளக்கி ஏழு அதிகாரத்தில் புத்தகம் எழுதி, ஐந்நூறு பிரதி அடித்தார். அந்தப் பக்கத்தில் சபைக்கு ஆட்கள் பதினொரு பேர். மிச்சப் பிரதிகளைத் தாள் தாளாகக் கிழித்துக் காய்ச்சல் தூள் மடித்துக் கொடுத்தார். நாளைக்கு மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின் விநியோகமான எழுத்தாளர் வேறு யாரையும் நான் அறியேன்.

பிறகு டிஸ்பென்சரி எரிந்தது. புத்தகமும் கையெழுத்துப் பிரதியும் அதோடு போயின. ரொறன்ரோவில் ஆறு அதிகாரங்களை நினைவிலிருந்து திரும்ப எழுதிவிட்டார். ஏழாவது வரமாட்டேன் என்றது. ஒரே தாள், இரண்டு பக்கம். தான் எழுதியதில் திறமானது அதுதான் என்பது அவர் எண்ணம். வேறு யாருடைய எண்ணமும் கிடைத்ததில்லை. அது இல்லாமல் புத்தகத்தை அச்சுக்குக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

1986 மாசியில் லிப்ற்றுக்குள், அதே கட்டிடத்தில் குடியிருந்த ஊர்க்காரி பாலேஸ்வரி அவரை அடையாளம் கண்டார்.

"டொக்டர் ஐயா, எங்கட பெடியன் அன்புராசாவின்ர காய்ச்சல் உங்கட ஒரு தூளில விட்டது. அந்தக் கடதாசி இன்னும் என்னட்டக் கிடக்கு."

"அதில என்ன போட்டிருக்கு, பிள்ளை?"

"மேல ஏழு எண்டு கிடக்கு. ராசியான கடதாசியெண்டு கோயில் திருநீறை அதிலதான் மடிச்சுக் கொண்டந்தனான்."

"வாசிச்சனீரோ?"

"மருந்துக் கடதாசியை ஆர் ஐயா வாசிக்கிறது?"

ஏழாம் அதிகாரம் விக்கிரக வணக்கத்துக்கு எதிரானது.

அன்று பின்னேரமே அவர் பாலேஸ்வரி வீட்டுக்குப் போனார். குசினி அலுமாரித் தட்டில் சாமிப் படங்கள். பிள்ளையாருக்கு முன்னால் பொட்டலம். பாலேஸ்வரி அதைப் பிரித்தார். தாளை வாங்க நீக்கிலாசர் வலக்கையை நீட்டினார். சாமிப் படத்துக்கு முன்னால் நீட்டிய கைக்கு அந்த வீட்டில் ஒரே அர்த்தம்தான். பாலேஸ்வரி பக்தியோடு திருநீறை அள்ளி அதில் வைத்தார்.

"இதைத் திருப்பி எடுங்கோ, பிள்ளை."

"குடுத்ததைத் திருப்பி வாங்கக்கூடாது, ஐயா. நிலத்தில கொட்டிப்போடாதேங்கோ."

பூசவும் முடியாது, கொட்டவும் முடியாது. நீக்கிலாசர் கையைப் பொத்திக்கொண்டார். தாளையும் பாலேஸ்வரி தருவதாயில்லை. வேண்டுமானால் பார்த்து எழுதலாம் என்றார். எழுதுகிற கை பொத்திக் கிடந்தது.

"சொல்லுங்கோ, நான் எழுதிறன்," என்று பாலேஸ்வரி பேனையை எடுத்தார்.

சொல்லவேண்டி வரவில்லை. பாலேஸ்வரியே உரக்க வாசித்து எழுதினார். முதல் பக்கம் சுகமாகப் போயிற்று. இரண்டாம் பக்கத்தில் பேனை நின்றது.

"'கல்லுக்குக் காது கேளாது' எண்டு கிடக்கு."

நீக்கிலாசர் தன் கையைப் பார்த்தார். "அதை விடும், பிள்ளை."

"எழுதினதை விடக்கூடாது. ஆனா பிழை ஐயா. தூள் தந்தது நீங்கள். அண்டிரவு முழுக்க நான் கேட்டது இந்தப் பிள்ளையாரிட்டத்தான். இவருக்குக் கேளாமலோ காய்ச்சல் விட்டது?" வரியை எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தார். "எனக்குச் சம்மதமில்லை எண்டு கீழ எழுதட்டோ?"

நீக்கிலாசர் பொத்திய கையால் தாளின் அடியைக் காட்டினார். "எழுதும்," என்றார்.

1988இல் புத்தகம் வந்தது. ஏழாம் அதிகாரத்தின் அடியில் சின்ன எழுத்தில்: 'இதை எழுதித் தந்தவருக்கு இதில் சம்மதமில்லை.' சபையில் அந்த வரியை எடுத்துவிடச் சொன்னார்களாம். "முப்பது வருசத்தில எனக்குக் கிடைச்ச ஒரேயொரு அபிப்பிராயம். எப்பிடி எடுக்கிறது?" என்றாராம் நீக்கிலாசர்.

அந்தத் திருநீறு என்ன ஆனது என்று இருவரிடமும் விசாரித்தேன். பொத்திய கையோடு லிப்ற்றுக்குள் போனார் என்றார் பாலேஸ்வரி. நீக்கிலாசரோ, அதை விட்டுவிட்டு, பழைய டொக்டர் குரலில், நான் இரவில் சரியாக நித்திரை கொள்கிறேனா என்று விசாரித்தார்.