ஏழு மணிப் பேச்சு

வீணைச் சத்தம் எனக்கு ஆகாது. நேற்றுக் கொழும்பு, கொட்டாஞ்சேனையில் நான் ஏறிய த்ரீவீலர்காரன் போனில் வீணையைப் போட்டான். "நிப்பாட்டும் தம்பி!" என்று கத்திவிட்டேன். பாவம், அவனுக்கு என்ன தெரியும்.

சண்டைக் காலத்தில் அங்கேதான் ஒரு தெருவில், மேரி அக்கா வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். சங்கீதம் எனக்கு ஒரு மண்ணும் விளங்காது. ஆனாலும் மாலையில் அக்காவின் பழைய ரேடியோ சூடேறித் தூசு கருகும் மணம் வந்தால் போய் உட்கார்ந்துவிடுவேன். தமிழ் வெளியே கேட்டுவிடக் கூடாதென்று சத்தத்தைக் குறைத்து, பெட்டியோடு காதை ஒட்டிக்கொண்டுதான் கேட்போம்.

அப்போது புலிகளின் கையில் இருந்த கிளிநொச்சியிலிருந்து எனக்குத் தெரிந்த பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவர், தவிலைப் பற்றிய பேச்சை ரேடியோவுக்கு ஒலிப்பதிவு செய்ய வந்து என்னோடு தங்கினார். வெளியூர்த் தமிழர் தங்கினால் பொலிஸில் பதிய வேண்டும்; ஓர் இரவுதானே என்று நாங்கள் பதியவில்லை. மறுநாள் புறப்பட்டவரை மறித்தவன் நான்தான்.

"வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குப் போடுறாங்களாம். உங்கட குரலை ஒருக்காக் கேட்டிட்டுப் போங்கோ மாஸ்டர்."

வெள்ளி மாலை ஆறரைக்கு, ரேடியோவில் கோயில் வீணைக் கச்சேரி நேரடியாகப் போய்க்கொண்டிருந்தபோது பொலிஸ் வந்தது. மாஸ்டரின் அடையாள அட்டையில் ஊரைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டரின் முகம் மாறியது.

"கொழும்பு ஏன் வந்தது?"

"ரேடியோவில பேச, சேர்."

"கடிதம்?"

அழைப்புக் கடிதத்தை ரேடியோ நிலையத்திலேயே கொடுத்துவிட்டிருந்தார். ஏழு மணிக்கு இவர் பேச்சு வரும், நீங்களே கேளுங்கள் என்று நான் சிங்களத்தில் கெஞ்சினேன்.

"ஹரி... சரி, கேப்பம்." கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தவன், தானே சத்தத்தைக் கூட்டினான்.

ஏழு மணியாயிற்று. வீணைக்காரர் விடுவதாக இல்லை. ஒருவழியாக வீணை ஓய்ந்ததென்று மூச்சுவிட்டால், மிருதங்கம் தனியாகத் தொடங்கியது. முடியடா பாவி என்று மனதுக்குள் திட்டினேன். மேரி அக்கா செபமாலையை உருட்டினார். மாஸ்டரின் கைவிரல் மட்டும் தொடையில் தாளம் போட்டது.

ஏழரைக்கு அறிவிப்பாளர் வந்தார். நேரமின்மையால் இன்றைய உரை அடுத்த வெள்ளிக்கிழமை ஒலிபரப்பாகும் என்றார். யாருடைய உரை என்று ஒரு சொல் இல்லை.

"பேச்சு எங்க?" என்று எழுந்தான் இன்ஸ்பெக்டர்.

"ஐயோ மாத்தயா, அவர் படிப்பிக்கிற மனுசன்!" என்று மேரி அக்கா வாசலை மறித்தார். அவரைத் தள்ளிவிட்டு மாஸ்டரை ஏற்றினார்கள். ஜீப்பில் இருந்து என்னைப் பார்த்தார்.

"கேட்டுச் சொல்லும், குரல் எப்பிடியிருக்கெண்டு."

அடுத்த வெள்ளி, சொன்னபடி போட்டார்கள். மேரி அக்கா சத்தத்தை முழுதாகக் கூட்டினார், தெருவே கேட்கட்டும் என்று. பிறகு எத்தனையோ பொலிஸ் வாசலில் நின்றேன். அப்படி ஒருவர் இல்லை என்றார்கள்.

மேரி அக்கா காலமாகிவிட்டார். வீட்டை இடித்து ஐந்து மாடி கட்டிவிட்டார்கள். தவிலைப் பற்றிக் கால் மணிநேரம் பேசவிடும் ரேடியோவும் இப்போது இல்லை.

குரல் நல்லாத்தான் இருந்தது, மாஸ்டர்.