இடுப்போடு வெட்டாத படம்

இந்த மலரைக் கையில் வாங்கியதும் அட்டைப் படத்தைப் பார்த்து முகம் சுளித்த உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். சுளித்தது தப்பில்லை. முதல் தடவை பார்த்தபோது நானும் சுளித்தேன். எங்கள் பெரியப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கு இலை போடுவதற்கு முன்னால் ஒரு பதில் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

"இடுப்புக்கு மேல வெட்டிடலாம்லா அக்கா. தோளுக்கு மேல புகை மாதிரி ஒரு கறை வேற இருக்கு, அதையும் அழிச்சுத் தர்றேன்" என்றார் அச்சகத்துத் தம்பி. நல்ல மனசு. புக்கிட் பாருவிலிருந்து சின்ன மாமா காரை எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார். "இதைப் போட்டா குடும்ப மானம் கப்பலேறிடும். பேசாம அடையாள அட்டைப் படத்தைப் பெருசாக்கிப் போடு" என்றார். வெட்டவுமில்லை, அழிக்கவுமில்லை. அது ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

பெரியப்பா பிறந்தது இதே காஜா பெராங்கில், ரயில்வே கூலிகளுக்குக் கட்டிக் கொடுத்த பலகை வீடுகளில் ஒன்றில். பெற்றவர்கள் இருவரும் தண்டவாளத்தில் வேலை செய்தவர்கள்; இருவரையும் மலேரியாக் காய்ச்சல் கொண்டுபோனது. மிஞ்சியது பெரியப்பாவும் அவருடைய ஒரே தம்பியும். அந்தத் தம்பிதான் என் அப்பா. அண்ணன் ஓர் இடத்தில் நின்றால் நின்றதுதான். தம்பி காலில் சக்கரம் கட்டியவர். சாப்பிடும்போதுகூட எழுந்து எழுந்து வாசலைப் பார்ப்பாராம். தம்பிக்குத் தண்டவாளம் பழுது பார்க்கும் கூட்டத்தில் வேலை கிடைத்தது. அண்ணனுக்குக் கிடைத்த வேலை விசித்திரமானது. சும்மா நிற்கும் வேலை.

ஜப்பான் சண்டைக்கு முன்பு மலாக்கா டவுனில் ஒரு ஜப்பான்காரன் படக்கடை வைத்திருந்தான். கல்யாணப் படம், குழந்தைப் படம் எடுத்தது போக, ஊர்க் காட்சிகளையும் எடுப்பான். ஆற்றுப் பாலம், மணிக்கூண்டு, சிவப்புக் கட்டடம், கோட்டை வாசல், ரப்பர் ஆலையின் புகைபோக்கி, கொம்பு மாதிரிக் கூரை வளைந்த மாட்டுவண்டி, ரயில் நிலையம் என்று ஒன்றையும் விடவில்லை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் ஆள் நின்றால்தான் அது எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் என்று படத்தில் தெரியுமாம். அந்த ஆள்தான் எங்கள் பெரியப்பா. பின்னால் எது இருந்தாலும் எடுப்பாகத் தெரியவேண்டும் என்பதால் வெள்ளை வேட்டிதான் கட்டவேண்டும். அவனுடைய பெரிய கேமரா மெதுவாகத்தான் பார்க்கும். அவன் கையைத் தூக்கினால் மூச்சைப் பிடிக்கவேண்டும், இறக்கினால் விடலாம். நடுவில் அசைந்தவன் படத்தில் கலைந்துபோவான். பெரியப்பா ஒரு நாளும் கலைந்ததில்லை.

ஜப்பான் பட்டாளம் ஊருக்குள் வந்தது. அடுத்த வாரமே படக்கடைக்காரன் இடுப்பில் வாளோடு, காலில் பூட்ஸோடு தெருவில் நடந்தான். அடேயப்பா, அன்றைக்குத்தான் ஊருக்குக் கண் திறந்தது! பாலத்துக்கும் ஆலைக்கும் அளவெடுத்து எதிரிக்குக் கொடுத்தவன் இவன்தான் என்று பெரியப்பாவைக் கை காட்டினார்கள். அவரோடு பேசுவதை நிறுத்தினார்கள். 'அளவுகோல்' என்று பெயர் வைத்தார்கள். இன்று வந்திருக்கும் பெரியவர்களில் சிலர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள்தான். எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். படக்காரனோ பெரியப்பாவை விடவில்லை. பட்டாளத்துக்காகவும் படம் எடுத்தான். மாட்டேன் என்று அவனிடம் சொன்னவர்கள் என்ன ஆனார்கள் என்பதைப் பாலத்தருகே கம்பத்தில் செருகி வைத்திருந்த தலைகளே சொல்லும். அந்தக் கம்பத்துக்குப் பக்கத்திலும் பெரியப்பாவை அளவுக்கு நிறுத்தினானாம்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். மலாக்காவிலிருந்து தம்பினுக்குப் போகும் ரயில் பாதையைப் பெயர்த்து சயாமுக்குக் கொண்டுபோக உத்தரவு வந்தது. பெயர்க்கும் வேலையை, அதைப் போட்டுப் பராமரித்த நம் ஆட்களையே செய்ய வைத்தார்கள். அரிசி தருகிறோம், முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். வேலை முடியும் தறுவாயில், நிலையத்தில் நின்ற கூரையில்லாத சரக்கு வண்டியில் தண்டவாளத்தை ஏற்றினார்கள். பிறகு ஏற்றிய ஆட்களையும் ஏற்றினார்கள். அங்கே போய்ப் போட ஆள் வேண்டுமல்லவா! குதித்து ஓடப் பார்த்த ஒருவரைத் துப்பாக்கிக் கட்டையால் மண்டையில் அடித்தார்கள். அவர் அங்கேயே கிடந்தார், யாரையும் பக்கத்தில் விடவில்லை.

என்னை வயிற்றில் சுமந்துகொண்டிருந்த அம்மா, அவித்த மரவள்ளிக்கிழங்கை டின்னில் போட்டு எடுத்துக்கொண்டு அப்பாவைப் பார்க்கப் போயிருந்தாள். வேலிக்கு உள்ளே விடவில்லை. அவள் நின்றது வண்டியின் வால் பக்கம். அங்கிருந்து பார்த்தால், வண்டியின் முன்சக்கரத்தருகே வெள்ளை வேட்டியோடு பெரியப்பா அளவுக்கு நிற்கிறார். அம்மாவுக்குத் தெரிந்தது அவருடைய முதுகு. அவருக்கு எதிரே கேமரா, கையைத் தூக்கியபடி படக்காரன். பெரியப்பாவின் தலைக்கு நேர்மேலே, வண்டியின் விளிம்பில், என் அப்பா. குனிந்து கையை நீட்டி, "அண்ணே! அண்ணே! சொல்லுண்ணே அவன்கிட்ட! உன் பேச்சைக் கேப்பான்ணே!" என்று கத்துகிறார். அம்மாவும் வேலிக்கு இப்பாலிருந்து கத்துகிறாள். அந்த முதுகு அசையவில்லை. படக்காரனின் கை இறங்கியது. வண்டி புறப்பட்டது.

அப்பா திரும்பவில்லை. சயாமிலிருந்து எலும்பும் தோலுமாக வந்த ஒருவர், முகாமில் வாந்திபேதி, குழியில் போட்டு எரித்தோம் என்று சொல்லிவிட்டு அம்மா கொடுத்த கஞ்சியைக் குடித்தார். அன்று மாலை பெரியப்பா வேலை முடிந்து வந்தபோது, அம்மா வாசலிலேயே மண்ணை வாரித் தூற்றினாள். "கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்னியே! ஒரு வார்த்தை, ஒரு வார்த்தை சொன்னியா? நீ நல்லா இருப்பியா? உன் கை காலு விளங்குமா?" பெரியப்பா தலையில் விழுந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொள்ளாமல் நின்றார். அங்கேயும் நின்றார், பாருங்கள். அதற்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது.

ஜப்பான்காரன் போனபிறகு ஊர் தன் கணக்கைத் தீர்த்தது. பெரியப்பாவை இழுத்துக்கொண்டு போய்த் தெங்கேரா சாலையில் உச்சி வெயிலில் நிறுத்தினார்கள். "நில்லுடா, உனக்குத்தான் நிக்கத் தெரியுமே!" அறைந்த அறையில் இடது காது போனது. பெண் கொடுக்க யாரும் வரவில்லை. கடைசியில் ஓர் ஆலைக்குக் காவலாக ஜாகா வேலை கிடைத்தது. அதுவும் வாசலில் நிற்கிற வேலைதான். அந்தச் சம்பளத்தில்தான் அம்மா சாப்பிட்டாள், நான் படித்தேன், எனக்குக் கல்யாணம் நடந்தது. அம்மா அவர் வீட்டில் இருந்துகொண்டே, அவர் அரிசியைப் பொங்கிக்கொண்டே, அவரோடு பேசாமல் ஒரு வாழ்க்கையை ஓட்டினாள். அவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். அம்மா என்னைப் பார்த்து, "அந்த ஆளைச் சாப்பிடச் சொல்லு" என்பாள். அவருடைய துணியைத் தொடமாட்டாள். அவரே குழாயடியில் துவைத்து, வீட்டுக்குப் பின்னால், கொல்லை வேலியோரம் உலர்த்துவார். வேட்டியை யாரும் பார்க்கக் கூடாது என்பதுபோல அப்படியொரு மறைப்பு. அது ஏன் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. கல்யாண வீட்டில் கேமராவைக் கண்டால் எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவார். அதனால்தான் அடையாள அட்டையைத் தவிர அவருக்குப் படமே இல்லை.

போன வருஷம் டவுனில் மாநிலத்தின் பழைய படங்களை வைத்து ஒரு கண்காட்சி போட்டார்கள். யார் வீட்டுப் பரணிலோ கிடந்த கண்ணாடித் தகடுகளிலிருந்து எடுத்துப் பெரிதாக்கியவையாம். பெரியப்பாவைக் கூப்பிட்டேன். "அங்கதான் நான் ஏற்கெனவே நின்னாச்சே" என்று சொல்லிவிட்டார். அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். பாலத்தின் படம். பக்கத்தில் வெள்ளை வேட்டியில் ஒரு குட்டி மனிதர். "இங்க நிக்கிறான் பாரு" என்றாள் அம்மா. மணிக்கூண்டு. "இங்கயும் நிக்கிறான்." ரப்பர் ஆலை. "எங்கதான் நிக்கல இவன்!" அம்மாவுக்குப் பழைய கோபம் ஏற ஏற, பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

கடைசிச் சுவரில் ரயில் நிலையம். கதவளவு பெரிய படம். 'தண்டவாளம் அகற்றும் பணி. அளவுக்கு நிற்பவர் பெயர் தெரியாத கூலி' என்று கீழே எழுதியிருந்தது. அதன் முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கூட்டமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். "ஐயோ மாலுலா, வெட்கக்கேடு! பெரிய ஆளு சூச்சூ போயிட்டாரு!"

வண்டியில் இருந்தவர்கள் எல்லாரும் அசைந்திருக்கிறார்கள், எல்லாரும் கலைந்திருக்கிறார்கள். கண் இமை வரைக்கும் துல்லியமாக விழுந்தவர் ஒருவர்தான். அந்த வெள்ளை வேட்டி இடுப்பிலிருந்து முழங்கால் வரைக்கும் நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. காலடியில் மண் கறுத்திருந்தது.

பிள்ளைகளை விலக்கி வழி விட்டேன். அம்மா படத்துக்குக் கிட்டே போனாள். பெரியப்பாவின் தோளுக்கு மேலே, வண்டியின் விளிம்பில், புகை மாதிரி ஒரு தீற்றல் இருக்கிறதே, அதில் கையை வைத்தாள். முகமும் இல்லை, கண்ணும் இல்லை. "இதுதான்டி உங்கப்பா" என்றாள். "ஒரு நிமிஷம் சும்மா நிக்கத் தெரியாது அந்த மனுஷனுக்கு." அப்பாவுக்கு வேறு படம் கிடையாது. என் தகப்பனை நான் முதன்முதலாகப் பார்த்தது அந்தக் கறையில்தான். பிறகு அம்மா கீழே, அந்த வேட்டியை வெகுநேரம் பார்த்தாள். "நான் முதுகைத்தானே பார்த்தேன்" என்றாள்.

நாங்கள் வந்தபோது பெரியப்பா குழாயடியில் வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். அம்மா நேராகப் போய் அதன் மறுமுனையைப் பிடித்தாள். அவர் விடவில்லை. நிற்கவே தள்ளாடுகிற இரண்டு கிழங்கள் ஓர் ஈர வேட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. "குடுங்க மாமா" என்றாள் அம்மா. அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் கை தானாக விட்டது. படம் எங்கே தொங்குகிறது, அதில் என்ன தெரிகிறது என்பது அவருக்கு அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இரவுச் சாப்பாட்டுக்கு வரவில்லை.

குளியலறையில் விழுந்து படுக்கையானது அதற்குப் பிறகு. ஒரு நாள் படுக்கை நனைந்துவிட்டது. போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "பிள்ளையை வெளிய போகச் சொல்லு, பிள்ளை பார்க்கக் கூடாது" என்று அழுதார். நான்தான் அந்தப் பிள்ளை, எனக்கே பேரன் இருக்கிறான்! அம்மா போர்வையைப் பிடுங்கினாள். "நனைஞ்சா என்ன மாமா? துவைச்சா போச்சு!" அன்பாகச் சொன்னாள் என்று நினைக்காதீர்கள். கத்தினாள். "அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா? ஆயுசு பூரா மண்ணை வாரித் தூத்த விட்டீங்களே, என்னைப் பாவியாக்கிட்டீங்களே!" சாகக் கிடக்கிற மனிதரிடம் அப்படிச் சண்டை போட்டாள்.

பெரியப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார். "அசைஞ்சா நீயும் வண்டியில ஏறுன்னான் அந்த ஜப்பான்காரன். நானும் போயிட்டா வயித்துப் பிள்ளையோட உனக்கு யாரு இருக்கா?" பிறகு, "கல்லுன்னு திட்டினீங்க, தாங்கிக்கிட்டேன். இதைச் சொன்னா சிரிப்பீங்க. அதைத் தாங்க முடியாதும்மா" என்றார். பிள்ளைகள் சிரித்ததை நாங்கள் அவரிடம் சொல்லவில்லை. அதற்கப்புறம் அவர் அதிக நாள் இருக்கவில்லை.

அட்டைக்கு எந்தப் படம் என்று பேச்சு வந்தபோது, மாமாவும் அச்சகத்துத் தம்பியும் நானும் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தோம். அம்மா சொன்னது இவ்வளவுதான்: "முழுசாப் போடு. மேல என் புருஷன் இருக்காரு. கீழ அவரு பட்ட பயம் இருக்கு. எதை வெட்டுவே?"

பெரியப்பாவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் தாதிகளுக்கும், மலாய் மட்டுமே பேசி, தமிழ் தெரியாவிட்டாலும் காரியம் முடியும்வரை தினமும் பூ கொண்டுவந்து கொடுத்த மலாக்காச் செட்டி வீட்டு அம்மாவுக்கும், படத்தின் பிரதியை மறுக்காமல் கொடுத்த கண்காட்சிக்காரர்களுக்கும், கறையை அழிக்காமல் அச்சிட்ட தம்பிக்கும், கோபித்துக்கொண்டாலும் தோள் கொடுத்துத் தூக்கிய சின்ன மாமாவுக்கும் எங்கள் நன்றி. தெங்கேரா சாலையில் அவரை வெயிலில் நிறுத்தியவர்களில் யாராவது உயிரோடு இருந்து இன்று வந்திருந்தால், வெட்கப்படாமல் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டுப் போங்கள். அவருக்கு உங்கள் பெயரெல்லாம் தெரியும். ஒரு நாளும் சொன்னதில்லை.

இன்னும் ஒன்று. வாசலில், நீங்கள் செருப்புக் கழற்றும் இடத்துக்கு நேர்மேலே, கொடியில் ஒரு வெள்ளை வேட்டி தொங்குகிறதே, அது பெரியப்பா கடைசியாகக் கட்டியிருந்தது. அதைத் தூக்கிப் போடவேண்டும், அதுதான் முறை என்று பெரியவர்கள் சொன்னார்கள். அம்மா துவைத்துத் தெருவைப் பார்க்கக் காயப்போட்டுவிட்டாள். என்றைக்கோ காய்ந்துவிட்டது. இடைஞ்சலாக இருக்கிறதென்று யாரும் அதை எடுத்து மடித்து வைக்க வேண்டாம். குனிந்து உள்ளே வாருங்கள்.

இப்படிக்கு,
பெரியப்பா வளர்த்த மகள்
காஜா பெராங், மலாக்கா