கழிசலில் விழுந்த நல்ல வத்தல்

வங்கித் தேர்வில் என் மகளுக்கு இரண்டு தடவையும் இங்கிலீஷ்தான் காலை வாரியது. "இந்தத் தடவையும் போச்சுன்னா ராம்நாடு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போயிருவேன் அய்யா. பெறகு யாரும் ஒன்னும் சொல்லக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் மறுபடி விண்ணப்பித்தாள்.

மிளகாய் வத்தல் காயும் மாதம் அது. களத்தில் உட்கார்ந்து, வெளுத்ததையும் உடைந்ததையும் கழிசலில் ஒதுக்கி, நல்லதைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தேன். எதிரே வந்து உட்கார்ந்தவள் ஒரு தாளை நீட்டினாள். தமிழ் வார்த்தைகள் மட்டும் இருந்தன.

"நீங்க தமிழைச் சொல்லுங்க, நான் இங்கிலீஷைச் சொல்றேன்."

நான் படித்தது ஐந்தாவது வரை. நாலு பேர் இருந்தால் வாய் திறக்காதவன். மகளிடம்கூட அதிகம் பேசியதில்லை. எழுத்துக் கூட்டி, "தயக்கம்" என்று வாசித்தேன். "ஹெசிடேஷன்" என்றாள். போனில் சரிபார்த்துவிட்டு ஒரு வத்தலைச் சாக்கில் போட்டாள். அடுத்தது தப்பு. கையிலிருந்த வத்தல் கழிசலுக்குப் போனது. கோடிட்ட இடத்தை நிரப்பும் இலக்கணத்துக்கும் அதே கணக்குதான். சுவாரசியத்தில் நானும் அப்படியே போட ஆரம்பித்துவிட்டேன்.

சாயங்காலம் என் மனைவி வந்து கழிசலைக் கிளறினாள்.

"ஏங்க, கண்ணு அவிஞ்சா போச்சு? நல்ல வத்தலெல்லாம் இங்கன கெடக்கு!"

"அதெல்லாம் எனக்குத் தெரியாத வார்த்தைம்மா" என்றாள் மகள்.

"வெளங்கிரும். யாவாரிகிட்ட இதையே இங்கிலீஷ்ல சொல்லி வெலைய வாங்கிக் குடு."

திட்டிக்கொண்டே நல்லதைப் பொறுக்கிச் சாக்கில் போட்டாள். தினமும் இதே கதை. ஆனால் போகப்போக மனைவி குனிந்து பொறுக்கும் நேரம் குறைந்தது. அதை அவள் சொல்லவில்லை, நான் கவனித்தேன்.

தேர்வன்று மையத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். மற்றப் பிள்ளைகளின் அப்பாக்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தள்ளி நின்று கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டைத் திறந்ததும் மகள் வந்தாள். முகத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவளே சொன்னாள்:

"இங்கிலீஷ்ல கழிசல் கொஞ்சந்தான் அய்யா."

அப்புறம்தான் டீ வாங்கிக் குடித்தோம். முடிவு வந்தபோது அவள் சொன்னபடியே இருந்தது. தேறிவிட்டாள்.

இன்னொரு கட்டத் தேர்வு பாக்கி. அதிலும் இங்கிலீஷ் உண்டு. களத்தில் வத்தல் தீர்ந்துவிட்டது. மனைவி ஒரு முறம் உளுந்தைக் கொண்டுவந்து எங்கள் நடுவில் வைத்தாள்.

"கல்லு பொறுக்கிக்கிட்டே படிங்க. தப்பாச் சொன்னா உளுந்தைத் தூக்கிக் கல்லோட போட்டுறாதீங்க."

நான் தாளை எடுத்துச் சத்தமாகவே வாசித்தேன்.