உறுத்தினால் சொல்லுங்க

சரோஜா அக்கா தவறிவிட்டார் என்று தொலைபேசியில் சொன்னபோது, வலது கண் லென்ஸ் என் விரல்நுனியில் இருந்தது. அதைக் கழுவிப் பெட்டியில் போட்டு மூடிவிட்டுத்தான் அழுதேன். கண்டியில் அவரிடம் லென்ஸ் போட்டுக்கொண்ட நீங்களும் அப்படித்தான் செய்திருப்பீர்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, பயம். இனி என் கண்ணை யார் பார்ப்பார்கள்?

நாவலப்பிட்டியில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறவள் நான். மூன்று வருஷத்துக்கு முன் எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரியத் தொடங்கின. கண்ணாடி மாற்றியும் சரிவரவில்லை. ஒரு நாள் பூச்சியம் இரட்டையாகத் தெரிந்ததில், பத்து மில்லிகிராமை நூறு என்று வாசித்து எடுத்து நீட்டிவிட்டேன். "எனக்குக் குடுக்கிறது சின்ன மாத்திரை இல்லையா பிள்ளை?" என்று மருந்து வாங்க வந்த அம்மா கேட்டதால் தப்பியது. வேலை போனால் போகட்டும், யாரையாவது கொன்றுவிடுவேனோ என்றுதான் கதிகலங்கிப் போனேன்.

கருவிழி கூம்பாக முன்தள்ளி வருகிறது என்று சொல்லி, கண் டாக்டர் கண்டிக்கு அனுப்பினார். ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் பொருத்துகிறவர் சரோஜா அக்கா. கண்டி மஹய்யாவக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், கறாரான குரல். வளைந்துகொடுக்கும் மெல்லிய லென்ஸே போதும் என்று கெஞ்சினேன். "அது ஒங்க கண்ணு மாதிரியே வளைஞ்சுரும். கண்ணு கோணல்னா அதுவும் கோணல்தான். ஒங்களுக்கு வளையாததுதான் வேணும்" என்றார்.

முதல் லென்ஸ் மணல் விழுந்ததுபோல் இருந்தது. உறுத்துகிறது என்றால், உங்களுக்கு எதுவுமே சரிவராது என்று அனுப்பிவிடுவாரோ என்று பயந்து, "ஒண்ணும் செய்யல அக்கா" என்றேன். அவர் என் கண்ணில் மஞ்சள் சாயம் தொட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தார்.

"நடுவுல முட்டுது. இதோட போனீங்கன்னா புண்ணாகித் தழும்பு விழும். பிறகு என்னாலயும் ஒண்ணும் செய்ய ஏலாது. பயப்படுங்க, அது பரவால்ல. உறுத்தினா சொல்லுங்க."

நான்காவது லென்ஸோடு அரை மணி நேரம் வெளியே நடந்துவிட்டு வரச் சொன்னார். தெருவில் நின்ற ஒரு பஸ்ஸின் பலகையில் 'நாவலப்பிட்டி' ஒரே ஒரு தடவை எழுதியிருந்தது. நின்ற இடத்திலேயே அழுதேன்.

பிறகும் ஒரு மடத்தனம் செய்தேன். ஒரு காலையில் லென்ஸைப் போட்டுவிட்டுத் திருநீறு பூசினேன். தூள் லென்ஸுக்கு அடியில் போய்விட்டது. கழற்றிய பிறகும் கண் எரிந்தது. பார்வை போய்விட்டது என்றே நினைத்து, துணியால் கண்ணைப் பொத்திக்கொண்டு கண்டிக்கு ஓடினேன். அக்கா கழுவிவிட்டு, "மொதல்ல சாமி. பிறகு சவுக்காரம் போட்டுக் கை கழுவுங்க. கடைசியாத்தான் லென்ஸ். சாமி கோவிக்க மாட்டார், கண்ணு கோவிக்கும்" என்றார்.

செத்த வீட்டில் சாம்பிராணிப் புகை. புகைக்குள் லென்ஸோடு போகக் கூடாது என்பது அவர் வைத்த சட்டம். லென்ஸ் பெட்டி கைப்பையில்தான் இருந்தது. ஒரு நிமிஷம் போட்டால் அக்காவின் முகம் தெளிவாகத் தெரியும். போடவில்லை. கடைசியாக அவரை இரண்டிரண்டாகத்தான் பார்த்தேன்.

என் இரு கண்களின் அளவையும் அவர் கைப்பட எழுதித் தந்த அட்டை என்னிடம் இருக்கிறது. அடுத்த மாதம் அதை எடுத்துக்கொண்டு முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் உட்கார வேண்டும். நினைத்தாலே பயமாக இருக்கிறது. ஆனால் உறுத்தினால், உறுத்துகிறது என்று சொல்லிவிடுவேன்.