ராவுத்தரின் சின்ன இரைப்பை

அடுத்தவர் தட்டை எட்டிப் பார்ப்பதற்குச் சம்பளம் தருவது உணவு ஆலோசகர் வேலையில் மட்டும்தான். செல்போன் எல்லார் சட்டைப்பைக்குள்ளும் நுழைந்த புதிதில், தேனியில் ஒரு தனியார் மருத்துவமனையில் எனக்கு அந்த வேலை. எடை மெஷினில் ஏறும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களே, இது உங்களுக்காக.

சிக்கன உடம்பு

உத்தமபாளையம் ஏலக்காய் வியாபாரி காதர் ராவுத்தருக்குப் பெருத்த உடம்பு, முட்டிவலி, சர்க்கரை. பள்ளிவாசலில் கடைசி வரிசையில் நாற்காலி போட்டுத் தொழுது வந்தார். எல்லாரோடும் நின்று, நெற்றி தரையில் படத் தொழ வேண்டும். அது ஒன்றுதான் அவர் ஆசை.

மாத்திரையும் அரை வயிற்றுச் சாப்பாடுமாக முதலில் எடை மளமளவென்று இறங்கியது. பிறகு முள் அசையவில்லை. சாப்பாடு குறைந்தால் உடம்பும் தன் செலவைச் சுருக்கிக்கொள்ளும் என்று விளக்கினேன். மனிதருக்கு அதில் ஒரே பெருமை. "அப்ப இது எங்க வம்சத்து உடம்புதாம்மா. வரவு கொறஞ்சா ஒடனே செலவ இறுக்கிருது பாருங்க!"

குடல் சொல்லும் சேதி

கடைசியில் மதுரையில் ஆபரேஷன். இரைப்பையைச் சிறிதாக்கி, குடலின் வழியையும் மாற்றிவிட்டார்கள். எடை இறங்குவதற்கு முன்பே சர்க்கரை இறங்கிவிட, டாக்டர் இன்சுலினை நிறுத்தினார். சர்க்கரை பார்க்கும் மெஷின் கெட்டுவிட்டது என்று அவர் மனைவி பாத்திமா என்னிடம் சண்டைக்கு வந்தார். சாப்பாடு போகிற வழி மாறியதும் குடல் உடம்புக்கு வேறு சேதி அனுப்புகிறது, அதில் சர்க்கரை கட்டுப்படுகிறது என்றேன். "காலமெல்லாம் நான் சொல்லிக் கேக்காத மனுசன், கொடல் சொன்னா மட்டும் கேப்பாகளாக்கும்?"

சகன் தட்டு

அவர்கள் வீட்டு விசேஷங்களில் ஒரே பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சகன் என்று பெயர். முன்பெல்லாம் ராவுத்தர் தட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு கம்பத்தில் ஒரு கல்யாணத்தில், அவர் பக்கத்தில் உட்கார அடிதடி. அவருக்கு ரெண்டு வாய்தானே, மிச்ச பிரியாணி அவர்களுக்கு.

அந்தக் குஷியில், தொடவே கூடாது என்று நான் சொல்லியிருந்த அல்வாவை விழுங்கிவிட்டார். சின்ன இரைப்பையிலிருந்து இனிப்பு சட்டென்று குடலில் இறங்க, நெஞ்சு படபடத்து வேர்த்துக் கொட்டியது. சர்க்கரை குறைந்துவிட்டது என்று நினைத்து, பழைய வழக்கப்படி எல்லாரும் சேர்ந்து சர்பத்தை ஊற்றினார்கள். படபடப்பு கூடிவிட்டது. அவர் மச்சினர் எனக்குப் போன் போட்டார். "ரெண்டு கிளாஸ் குடுத்தும் தெளியல டாக்டரம்மா, இன்னொண்ணு குடுக்கவா?"

தரையில் பட்ட நெற்றி

சில மாதம் கழித்து வந்தவர் எடை மெஷின் பக்கமே போகவில்லை. வெள்ளிக்கிழமை வரிசையில் நின்று தொழுததைத்தான் முதலில் சொன்னார். "நெத்தி தரையில பட்டதும் அழுதுட்டேம்மா. முட்டி வலியாக்கும்னு நெனச்சு, தொழுக முடிஞ்சதும் பக்கத்தாளுக நாற்காலியத் தூக்கிட்டு ஓடியாந்துட்டாக!"

உடம்பைக்கூட எப்படியோ வழிக்குக் கொண்டுவந்துவிடலாம், சுற்றியிருப்பவர்களின் அன்பைக் குறைக்கத்தான் இன்னும் ஆபரேஷன் வரவில்லை.