ஊரே பேசிய என் உடம்பு

முதல் பிரசவம் முடிந்து கணவரின் அருவங்காட்டு ஃபேக்டரி குவார்ட்டர்ஸுக்குத் திரும்பியபோது எனக்கு இருபத்தாறு வயது. குழந்தைக்குத் தாய்ப்பால்தான். மலைக்குளிரில் ஓயாத தும்மல் வேறு. மெடிக்கலில் கேட்டு வாங்கிய சளி மாத்திரையைத் தினமும் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில்தான் கணவரோடு சேர்வது வேதனையாகிப்போனது. பெண்ணுறுப்பு வறண்டு, தொட்டாலே எரிந்தது. மாதவிடாய் நிற்கும் வயதில் அப்படி ஆகும் என்று கேள்விப்பட்டிருந்தேன். இந்த வயதிலுமா?

அவரிடம் சொன்னேன். "எம்மேல ஆசை போயிருச்சுன்னு சொல்லு" என்றார். அதோடு விடாமல், குன்னூரிலிருந்த தன் அக்காவிடமும் போய்ச் சொல்லிவிட்டார்.

நாத்தனார் அந்த ஞாயிற்றுக்கிழமையே வந்தார். அடுப்படியில் என்னை நிறுத்தி, சுத்தம் போதவில்லை என்றார். புண் கழுவும் மருந்துத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்திருந்தார். தினமும் உள்ளே வரை கழுவ வேண்டுமாம். பேசும்போதே கழுவாத பாத்திரத்தைப் பார்ப்பதுபோல என்னை மேலும் கீழும் பார்த்தார். கூசிப்போய் அவர் சொன்னபடியே செய்தேன். நடக்க முடியாத அளவுக்கு எரிச்சல் கூடியது.

அதன்பிறகு கணவர் ஒரு தனியார் கிளினிக்குக்கு அழைத்துப்போனார். டாக்டர் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "வீட்டுக்காரம்மாவக் கொஞ்சம் கொஞ்சுங்க சார், எல்லாம் தன்னால சரியாயிரும்" என்று அவரைப் பார்த்துக் கண்ணடித்தார். இவரும் சேர்ந்து சிரித்தார்.

மறுவாரம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நானே ஊட்டிக்கு பஸ் ஏறினேன். அங்கே ஒரு பெண் டாக்டர் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் விசாரித்தார். பரிசோதித்துவிட்டு, மருந்துத் தண்ணீரை அன்றே நிறுத்தச் சொன்னார். வெறும் தண்ணீரில் வெளியே மட்டும் கழுவினால் போதும். பால் கொடுக்கும் காலத்தில் ஈரம் சுரக்கவைக்கும் ஹார்மோன் குறைந்துவிடும். சளி மாத்திரை மூக்கை மட்டும் உலர்த்துவதில்லை என்று விளக்கினார். அதற்குப் பதிலாக வேறு மாத்திரை எழுதினார். சேரும்போது தடவ ஒரு ஜெல். எரிச்சல் அடங்கும்வரை சேரவே வேண்டாம், பால் நிறுத்திய பிறகும் வறட்சி இருந்தால் வாருங்கள், ஹார்மோன் க்ரீம் தரலாம் என்றார்.

"எம்மேல தப்பு ஒண்ணுமில்லீங்களே?" என்று கேட்டேன்.

"தப்பா? பால் குடுக்கற எத்தனையோ பேருக்கு வர்றதுங்க இது. வெளிய சொல்றதில்ல, அவ்வளவுதான்."

ஜெல் வாங்கிவரச் சொன்னால் கணவருக்கு வெட்கமாம். அக்காவிடம் சொல்லும்போது எங்கே போயிருந்தது அந்த வெட்கம்? நானே கடைக்குப் போனேன். கடைக்காரர் டியூப்பை பேப்பரில் சுற்றியபடி பக்கத்தில் நின்றவரைப் பார்த்து இளித்தார். பேப்பரைப் பிரித்து மேஜைமேல் போட்டுவிட்டு, டியூப்பைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவரிடம் சொன்னேன்: "இனி என் உடம்பப் பத்தி யார்கிட்டயாவது பேசினீங்கன்னா, நான் எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவேனுங்க."



எரிச்சல் சில வாரங்களில் அடங்கியது. குழந்தை பால் மறந்த பிறகு வறட்சியும் போய்விட்டது. ஆனாலும் பல மாதங்கள் குழந்தையோடு வேறு அறையில்தான் படுத்தேன். அவர் மன்னிப்புக் கேட்டது அதற்கப்புறம்தான்.