பெரிய பூசணிக்காயும் இருபதடி இடைவெளியும்

சாலைப் பாதுகாப்புக் குழுத் தலைவர் நடுரோட்டில் பூசணிக்காய் உடைத்து நீங்கள் பார்த்ததுண்டா? நான் பார்த்தேன். சென்ற வாரம், ஆயுத பூஜை அன்று.

சூலூரில் எங்கள் தெரு மெயின் ரோட்டில் சேரும் வளைவில் ரத்தினசாமி லேத் பட்டறை வைத்திருக்கிறார். எங்கள் பகுதிச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவரும் அவரே. பூஜைக்கு நாலு நாள் முன்புதான் கல்யாண மண்டபத்தில் மைக் பிடித்து ஒரு மணி நேரம் பேசினார். முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் இருபதடி இடைவெளி வேண்டும் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு வெளியே ஓடினார்கள் — டிபன் பொட்டலம் கொடுத்தார்களே!

அதே ரத்தினசாமிதான் பூஜையன்று சாயங்காலம், குங்குமம் தடவிய பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கி... தொப்! வளைவு முழுக்கச் சதையும் விதையும், வழவழவென்று.

"ஏனுங்க, போன வருஷம் இதே எடத்துல, இதே பூசணிக்காயிலதானே நாச்சிமுத்து வழுக்கி உழுந்தாரு. மறந்துபோச்சுங்களா?" என்று கத்தினேன்.

"அதனாலதானுங்க இந்த வருஷம் பெரிய காயா வாங்கியாந்தேன்" என்றார்.



நாச்சிமுத்து அங்கேயேதான் நின்றிருந்தார். தறி ஓட்டியவர். தொடையெலும்பு முறிந்ததில் இன்னும் கோல் ஊன்றித்தான் நடக்கிறார். அவரால் தறியில் நிற்க முடியாமல் போனதும், மனைவி சரசாள் மொபெட் பழகி மில் வேலைக்குப் போகிறார். மில்லில் பூஜை முடிந்து அவர் இந்த வளைவில் திரும்பும் நேரம் அது. நாச்சிமுத்துவின் கண் ரோட்டைவிட்டு நகரவில்லை.

"வாங்க, அள்ளிப் போட்டறலாம்" என்றேன்.

"ஐயோ, வேண்டாமுங்க! அதைத் தொட்டா ஊருத் திருஷ்டியெல்லாம் நம்ம மேல வந்துருமுங்க. எனக்கு இன்னும் ஒரு காலுதானுங்க மிச்சம்."

சுற்றி இருபது பேர். ஒருவர் குனிந்தாரா? சரசாள் விழுந்தால் தூக்கிவிட இருபது பேரும் ரெடி. பூசணிக்காயைத் தூக்கத்தான் ஆள் இல்லை.

வந்த கோபத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். துண்டு துண்டாகப் பொறுக்கிச் சாக்கில் திணித்தேன். மிச்சத்தின் மேல் மண் தூவி, விளக்குமாற்றால் கூட்டினேன். கை முழுக்கக் குங்குமம் — பார்ப்பவர்களுக்கு நான்தான் அடிபட்டவன்.

மொபெட் சத்தம். ஹேண்டில்பாரில் பொரிப் பை ஆட, சரசாள் வளைவில் திரும்பினார். வண்டி வழுக்கவில்லை. என்னைப் பார்த்ததும் பிரேக் போட்டார்.

"ஏனுங்ணா, அறிவிருக்குதுங்களா? நடுரோட்டுல உக்காந்திருக்கீங்க! ஆக்சிடென்ட் ஆயிப்போச்சுன்னா?"

நாச்சிமுத்து சிரித்தேவிட்டார். ஒரு வருஷமாக அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

ஒரு வாரமாகிவிட்டது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஊர்த் திருஷ்டியை மொத்தமாக வாங்கிக்கொண்டவன் நான்தான் என்று ஊரே பேசுகிறது. ஸ்கூட்டரில் போனால் யாரும் என்னை ஒட்டி வருவதில்லை. ஹாரன் அடிப்பதில்லை. டவுன் பஸ்கூட ஒதுங்குகிறது... நேற்று ரத்தினசாமி எனக்குப் பின்னால் பைக்கில் வந்தார்.

சரியாக இருபதடி தள்ளி!